அருமைங்க, ரொம்ப அருமை

கிண்ணத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "ஆறாம் நம்பர் நீங்கதானே?" என்று கேட்டாள், அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த ஹிலரி.

நைஜல் ஆக்ராய்டின் மேசை ஒன்பது. கவுன்ட்டரில் கொடுத்த மரக்கரண்டியில் கொட்டை எழுத்தில் ஒன்பது என்று போட்டு, அது அவர் மூக்குக்கு நேரே ஒரு சாடியில் நின்றுகொண்டிருந்தது. ஆனால் பாவம், அந்த அம்மாவுக்கு முதல் நாள். மூக்குக் கண்ணாடியையும் வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாள். இல்லை என்றால் சங்கடப்படுவாள், திரும்பிப் போய் விசாரிப்பாள், உள்ளே யாராவது அவளைத் திட்டுவார்கள்.

"ஆமாங்க, நான்தான். ரொம்ப நன்றி" என்றார் நைஜல்.

அவர் கேட்டிருந்தது ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட். மாட்டுக்கறி, மொறுமொறுவென்று உருளைக்கிழங்கு, பணியாரம் போல உப்பலாக ஒரு யார்க்‌ஷயர் புட்டிங், எல்லாம் முங்குகிற அளவுக்குக் கிரேவி. வந்ததோ ஒரு கனத்த மண் கிண்ணம். உள்ளே சாம்பல் நிறத்தில் எதையோ கொத்திப் போட்டிருந்தது. நடுநடுவே பார்லி, பட்டாணி, கேரட்.

நைஜல் சந்தேகப்படவில்லை. எப்படிப் படுவார்? 'மூன்று கால் நரி' ஒரு காலத்தில் பீரும் வேர்க்கடலையும் மட்டும் கிடைத்த பப். லொரேன் வந்து எடுத்து நடத்த ஆரம்பித்ததிலிருந்து அது காஸ்ட்ரோபப், அதாவது உயர்தரச் சாப்பாடு போடுகிற பப், ஆகிவிட்டது. சாப்பாடு பிரமாதம்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் தட்டு என்ற பொருளை மட்டும் லொரேன் நம்புவதில்லை. ரொட்டி தொப்பிக்குள் வரும். சிப்ஸ் குட்டி வாளியில் வரும். மீன் கூரை ஓட்டின்மேல் படுத்துக்கொண்டு வரும். போன மாதம் தபால்காரர் பாரிக்கு சாஸேஜ் மண்வெட்டியில் வந்தது. இப்படிப்பட்ட இடத்தில் மண் கிண்ணத்தைப் பார்த்து 'இது என்ன?' என்று கேட்டால், கேட்டவனைத்தான் பட்டிக்காட்டான் என்பார்கள்.

ஒரு வாய் போட்டார். உப்பு இல்லை. உப்பு கம்மி இல்லை, உப்பே இல்லை. இன்னொரு வாய் போட்டார். அது முதல் வாயைவிட மோசம்.

இந்த இடத்தில் நைஜலைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் கார் ஓட்டும் தேர்வு நடத்துகிற அதிகாரி. எங்கள் ஊர் ஹேவர்டேலில் அவர் பெயரைக் கேட்டாலே பதினெட்டு வயசுப் பிள்ளைகளுக்கு வியர்க்கும். எங்கள் பாதிரியாரையே மூன்று தடவை ஃபெயிலாக்கியவர். மூன்றாவது தடவை பாதிரியார் அழுதுவிட்டார். நைஜல் அப்போதும் கண்ணாடியில் பார்க்காமல் திரும்பியது தப்புதான் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவ்வளவு கறாரான மனுஷன், சாப்பாட்டுக் கடையில் சூப் ஆறிப்போயிருந்தால் வாயைத் திறக்கமாட்டார். அவர் மட்டுமா, எங்கள் ஊரில் ஒருத்தரும் திறக்கமாட்டோம். தட்டில் கூரை ஆணி கிடந்தாலும் ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வோம். வீட்டுக்குப் போய் ஒரு வருஷத்துக்குப் புலம்புவோம்.

ஆகவே நைஜல் முழுவதையும் சாப்பிட்டார். வழித்துச் சாப்பிட்டார், ஏனென்றால் லொரேனே சமையலறையிலிருந்து கை துடைத்தபடி அவரை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. லொரேனைப் பார்த்தால் வயிற்றுக்குள் என்னவோ செய்தது. அது கிண்ணத்தால் வந்ததல்ல. வசந்த காலத்திலிருந்தே அப்படித்தான். திங்கட்கிழமை பப்புக்கு விடுமுறை. ஒரு திங்கட்கிழமை கடற்கரைக்கு, விட்பிக்கு, அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. வாராவாரம் கேட்க நினைத்து, வாராவாரம் இன்னொரு பைன்ட் பீர் மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

லொரேன் கிண்ணத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி கிண்ணத்தைப் பார்த்தாள்.

"இதை... நீங்களா சாப்பிட்டீங்க?"

"ஒரு பருக்கை விடல."

"எப்படி இருந்துச்சு?"

"அருமைங்க. ரொம்ப அருமை!"

லொரேனின் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. முந்தானை மாதிரி ஏப்ரனின் நுனியை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். சமையலறையில் ஏதோ விழுந்து உருண்டது.

'பாராட்டிக் கேட்டே பழக்கமில்லை போலிருக்கு' என்று நைஜலுக்கு மனசு உருகிவிட்டது.

அடுத்த ஞாயிறு கவுன்ட்டரில் அவளே நின்றாள்.

"நைஜல் கண்ணு, இன்னைக்கு ரோஸ்ட் ரொம்ப நல்லா வந்திருக்கு. கறி வெண்ணெய் மாதிரி இருக்கு. அதையே சாப்பிடுறீங்களா?"

நாக்கில் எச்சில் ஊறியது. ஆனால் அவள் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. நைஜலுக்கு அது புரிந்தது, அல்லது புரிந்ததாக நினைத்தார். சொந்தமாக யோசித்து ஒரு பதார்த்தம் செய்திருக்கிறாள். மறுபடி கேட்பாரா, மாட்டாரா என்று தவிக்கிறாள். வெளியே காட்டிக்கொள்ளாமல் ரோஸ்ட் என்கிறாள்.

"போன வாரம் சாப்பிட்டேனே, அது இருக்குதுங்களா?"

"இருக்கு... ஆனா அது... நிஜமாவே வேணுமா?"

"அதுக்காகத்தானே வாரம் பூரா காத்துக்கிட்டு இருந்தேன்!"

லொரேன் பீர் பிடித்துக்கொண்டிருந்த குழாயை மூட மறந்துவிட்டாள். பீர் நிரம்பி, வழிந்து, கவுன்ட்டர் முழுக்க ஓடியது.

மூன்றாவது ஞாயிறு நைஜல் புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தார். சமைத்தவளிடம் உப்பு கேட்டால் அவள் மூஞ்சியில் அடித்த மாதிரி. எனவே வீட்டிலிருந்தே ஒரு காகிதத்தில் உப்பை மடித்து, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். திருட்டுத்தனமாகப் பிரிக்கும்போது பின்னாலிருந்து பாரி எட்டிப்பார்த்தான்.

"டேய், என்னடா அது வெள்ளையா?"

"பல்வலி மருந்துடா."

பாரியிடம் சொன்னால் ஊரில் அத்தனை கதவுக்கும் தபாலோடு சேர்ந்து போய்விடும். அரை மணி நேரத்தில் லொரேனுக்குப் பல்வலி விஷயம் தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் கிண்ணத்தில் எல்லாமே பல்லுக்கு வேலை வைக்காதபடி அரைத்து வந்தது. கொத்தாக இருந்தபோது எது கேரட், எது இன்னொன்று என்று பார்த்து ஒதுக்கவாவது முடிந்தது. இப்போது எல்லாம் ஒரே கூழ்.

அதன்மேல் இரண்டு சொட்டு மீன் எண்ணெய் வேறு மிதந்தது.

"முடிக்கு நல்லதும்பாங்க, அதான் எப்பவும் விடுறது" என்றாள் லொரேன், அவர் கண்ணைப் பார்க்காமல்.

நைஜல் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். இவ்வளவு அக்கறையா என்று தோன்றியது. விட்பியைப் பற்றி அப்போதே கேட்டிருப்பார், மீன் எண்ணெய் ஏப்பம் வராமல் இருந்திருந்தால்.

அடுத்த வாரம் டாக்டர்மேல் பழியைப் போட்டார்.

"டாக்டரு அளவைக் கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லியிருக்காருங்க."

"சொன்னாரா?" லொரேன் இரண்டு கையையும் கோத்துக்கொண்டாள். "டாக்டர் சொன்னா கேக்கணும் கண்ணு! குறைக்கிறது என்ன, அடியோட நிறுத்திடுங்க! இன்னைக்கே நிறுத்திடுங்க!"

அவள் கண் பளபளத்தது. அழப்போகிறாள் என்று பயந்துவிட்டார் நைஜல். ஒரு பெண்பிள்ளையின் ஆசையை இப்படியா போட்டு மிதிப்பது?

"அட, டாக்டர் கிடக்காரு விடுங்க. உங்க கையால சாப்பிட்டா எனக்கு என்ன வந்துடப்போகுது? எப்பவும் போடுறதைவிட ஒரு கரண்டி கூடவே போடுங்க."

லொரேன் அந்த ஒரு கரண்டியைப் போட்ட விதத்தைப் பார்த்தால், யாருக்கோ கருமாதி செய்வதுபோல் இருந்தது.

இதற்கிடையில் ஊரார் அவரிடம் மிகவும் அன்பாக நடந்துகொள்ள ஆரம்பித்தார்கள். பாரி, கல்யாண நாளன்று மனைவிக்கே ஒரு கிளாஸுக்கு மேல் வாங்கித் தராதவன், கேட்காமலே பீர் வாங்கி வைத்தான்.

"குடிடா. வாயைக் கழுவின மாதிரி இருக்கும்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ளதைச் சொல்லு. அது உனக்கு நிஜமாவே பிடிக்குதா?" என்றான்.

"உயிருடா."

"நீ பெரிய ஆளுடா" என்று பாரி முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனான். பாதிரியார்கூட, அத்தனை தேர்வையும் மறந்து, போகிற போக்கில் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

பக்கத்து மேசை மிஸஸ் சக்டனின் அன்புதான் தாங்கவே முடியாதது. நீச்சல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். குளத்தின் அந்தக் கரைக்குக் கேட்கிற குரல். ஞாயிறு தவறாமல் தன் நாய் கர்னலோடு வருவார். எங்கள் ஊரில் நாய் இல்லாமல் பப்புக்குப் போகிறவர்கள்தான் குறைச்சல். கர்னலுக்குத் தரையைத் தொடுகிற காது, எதையும் மதிக்காத பார்வை.

"தம்பி, என் தட்டுல ரெண்டு துண்டு கறி எடுத்துக்கிறீங்களா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார்.

"வேண்டாங்க, எனக்கு இதுதான்" என்பார் நைஜல், உள்ளுக்குள் கதறிக்கொண்டு.

அந்த இரண்டு துண்டும் கர்னலுக்குப் போகும். நைஜல் கூழை விழுங்கியபடி, மேசைக்கடியில் கிரேவியோடு மாட்டுக்கறி மெல்லுகிற நாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டார். இந்த நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று அவருக்கே கஷ்டமாக இருந்தது.

ஒரு நாள் துணிந்து, யாரும் பார்க்காதபோது ஒரு கரண்டியை மேசைக்கடியில் நீட்டினார். கர்னல் மோந்து பார்த்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் சுவரோரமாகப் படுத்துவிட்டது.

'நாயே வேண்டாம்னுடுச்சே!' நைஜல் அந்தக் கரண்டியையும் தானே சாப்பிட்டார்.

இனி முடியாது, லொரேனிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று அவர் முடிவு செய்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் ஒரு போட்டி வந்து சேர்ந்தது. மாவட்டத்திலேயே சிறந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எந்தப் பப்பில் என்று ஒரு பத்திரிகை தேடிக்கொண்டிருந்தது. நடுவர் மிஸ்டர் பிளன்ட் மதியம் வருகிறார்.

கவுன்ட்டரில் லொரேன் கண்ணாடிக் கிளாஸைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பரிசு கிடைக்கலைன்னா, குளிர்காலத்தைத் தள்ள முடியாது கண்ணு. கடையை விட்டுட்டு லெஸ்டர்ல அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

லெஸ்டர்! நைஜலுக்குப் பகீரென்றது. அவள் போய்விட்டால் பப் எதற்கு, ஞாயிற்றுக்கிழமைதான் எதற்கு? உண்மையைச் சொல்வதாவது! இன்றைக்கு அவர் வாயில் பாராட்டைத் தவிர ஒன்றும் வரக் கூடாது.

"எனக்கு வழக்கம்போலவே கொடுங்க" என்றார் கம்பீரமாக. லொரேன் தலையைக் குனிந்தபடி உள்ளே போனாள்.

மிஸ்டர் பிளன்ட் ஒல்லியாக, கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு டை கட்டிக்கொண்டு வந்தார். இடமில்லாததால் ஹிலரி அவரை நைஜலுக்கு எதிரேயே உட்காரவைத்தாள். அவர் நைஜலின் கிண்ணத்துக்குள் எட்டிப்பார்த்தார்.

"வித்தியாசமா இருக்கே. இது என்னங்க?"

நைஜல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்தச் சுத்து வட்டாரத்துலயே இதுக்கு ஈடு கிடையாதுங்க. வாராவாரம் இதுக்காகவே வர்றேன். ரோஸ்ட் எல்லா இடத்துலயும் கிடைக்கும். இது லொரேன் கைக்கு மட்டும்தான் வரும்."

பாரியின் பீர் வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

"அப்படியா? அப்போ எனக்கும் இதையே கொண்டு வாங்க" என்றார் பிளன்ட்.

"அது தீர்ந்துபோச்சுங்க!" ஹிலரி கிட்டத்தட்டக் கத்தினாள். "சுத்தமா தீர்ந்துபோச்சு! ரோஸ்ட் இருக்கு, மீன் இருக்கு, எது வேணும்னாலும் இருக்கு!"

"அதனாலென்ன?" என்றார் நைஜல் பெருந்தன்மையாக. "நான் இன்னும் வாயே வைக்கல. என்னுதையே எடுத்துக்குங்க." கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

"கடவுளே" என்றார் பாதிரியார். அது ஜெபம் போல் ஒலிக்கவில்லை.

பிளன்ட் கரண்டியை எடுத்தார். அள்ளினார். சமையலறைக் கதவு படாரென்று திறந்து, கையில் கரண்டியோடு லொரேன் வந்து நின்றாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

அந்த முகத்தைப் பார்த்ததும் நைஜலுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இது மோசமான சாப்பாடு என்று அவளுக்கே தெரியும்! நடுவர் இதைத் தின்றால் பரிசு போச்சு. பரிசு போனால் பப் போச்சு. லொரேன் லெஸ்டருக்கு. எல்லாம் தன்னால், தன் பாழாய்ப்போன மரியாதையால்!

கரண்டி பிளன்டின் உதட்டைத் தொடப் போனது.

"நிறுத்துங்க!"

தேர்வு நடத்துகிறபோது, குறுக்கே ஆள் வந்தால் எப்படி நிறுத்துவான் பார்ப்போம் என்று கையை உயர்த்திக் கத்துவாரே, அந்தக் குரல். மூன்று தடவை அதைக் கேட்டு நடுங்கியிருந்த பாதிரியார், மேசைக்கடியில் பிரேக்கை மிதிப்பதுபோல் வலது காலை ஓங்கித் தரையில் மிதித்தார். பிளன்டின் கை அந்தரத்தில் நின்றது.

"சாப்பிடாதீங்க! கண்றாவியா இருக்கும்!" நைஜல் எழுந்து நின்றார். "நான் பொய் சொல்லிட்டேன். பொறந்ததிலிருந்து இதைவிட மோசமா எதையும் நான் சாப்பிட்டதில்ல. உப்பு இல்ல, உறைப்பு இல்ல. ஒவ்வொரு வாரமும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முழுங்கினேன். ஆனா லொரேனோட ரோஸ்ட் இருக்கே, அதுதாங்க சாப்பாடு! அந்தக் கறிக்காக, அந்த கிரேவிக்காக ஏங்கி ஏங்கிச் செத்துக்கிட்டு இருக்கேன். அதைச் சாப்பிட்டுட்டு மார்க் போடுங்க!"

எங்கள் பப்பில் ஒருத்தன் சாப்பாட்டைப் பற்றி உண்மை பேசி யாரும் அதுவரை கேட்டதில்லை.

லொரேன் மெதுவாக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"பிடிக்கலையா? உங்களுக்கு இது பிடிக்கவே இல்லையா?"

"மன்னிச்சுக்குங்க. நீங்க மனசு கஷ்டப்படுவீங்களேன்னு..."

அவள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை, இரண்டும்தான். "அப்பாடா! அப்பாடா!" என்று அவர் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொன்னாள். அவள் பிடித்திருந்த கரண்டியிலிருந்து அவர் முதுகில் கிரேவி சொட்டியது. நைஜலுக்கு அந்தக் கிரேவி வாசனையே சொர்க்கமாக இருந்தது.

உண்மை பேசுவது இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் எப்போதோ பேசியிருப்பார். சூட்டோடு சூடாக அடுத்ததையும் கேட்டுவிட்டார்.

"நாளைக்கு லீவுதானே? என்னோட விட்பிக்கு வர்றீங்களா?"

"எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?" என்றாள் லொரேன்.

பப்பே மேசையைத் தட்டியது. பாரி விசிலடித்தான். நைஜல் முன்னாலும் பிளன்ட் முன்னாலும் ரோஸ்ட் வந்தது, அதுவும் தட்டில். இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டார்கள். பிளன்ட் கடைசி உருளைக்கிழங்கால் தட்டை வழித்தார்.

"இதுக்குப் பரிசு கொடுக்கலைன்னா எனக்கு நாக்கே இல்லைன்னு அர்த்தம்" என்று டையைத் தளர்த்திக்கொண்டார். லொரேன் ஹிலரியைக் கட்டிப்பிடிக்க, ஹிலரி பாதிரியாரைக் கட்டிப்பிடிக்க, ஒரே கூத்தாகிவிட்டது.

சத்தம் அடங்கியபோது பிளன்ட் கிண்ணத்தைக் காட்டினார்.

"எல்லாம் சரி. இது என்னன்னு இன்னும் யாருமே சொல்லலையே?"

பாரி கூரையைப் பார்த்தான். பாதிரியார் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தார். லொரேன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நைஜல் ஒவ்வொருவராகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

மிஸஸ் சக்டன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, குளத்தின் அந்தக் கரைக்குக் கேட்கிற குரலில் சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை நாய்ங்களுக்குன்னு இங்க தனியா போடுறதுங்க அது. முதல் நாள் எங்க கர்னலோட கிண்ணம் மாறிப்போய் தம்பிகிட்ட வந்துடுச்சு. மனுஷன் அவ்வளவு ஆசையா வழிச்சுச் சாப்பிட்டாரு, அவருகிட்டப் போய் எப்படிச் சொல்றதுன்னுதான் இத்தனை வாரமா ஊரே வாயை மூடிக்கிட்டு இருந்தோம்."